பத்து டாலர், ஐந்து டாலர்: தப்பியோடிய அடிமைகள் சட்டமும் பிளவுபட்ட அமெரிக்காவும்



அமெரிக்க உள்நாட்டுப் போர் எதனால் மூண்டது என்று கேட்டால் இன்றைக்கும் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. தெற்கு மாநிலங்கள் தங்கள் மாநில உரிமைக்காகப் போராடின, வடக்கு மத்திய அரசின் அதிகாரத்துக்காகப் போராடியது என்பார்கள். போரில் தோற்ற பிறகு தெற்கின் தலைவர்கள் எழுதிவைத்த தன்வரலாறுகளில் வேரூன்றிய விளக்கம் இது. நம் மாணவர்களும் பாடப் புத்தகங்கள் வழியே இதை எங்கேயாவது சந்தித்திருப்பார்கள். இந்த விளக்கம் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரே ஒரு சட்டத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட வேலை. 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அது.

கதை 1787-இல் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. அரசியலமைப்பை வரைந்த மாநாட்டின் கடைசிக் கட்டத்தில் தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லர் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஒரு மாநிலத்தில் வேலைக்குக் கட்டுப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குத் தப்பிப்போனால் அங்கே விடுதலை அடைந்துவிட மாட்டார், உரியவர் கேட்டால் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய விவாதம் எதுவும் இல்லாமல் நிறைவேறியது. யார் ஒப்படைப்பது, எந்த நீதிமன்றம் விசாரிப்பது, செலவு யாருடையது என்று ஒன்றும் அதில் இல்லை. 1793-இல் வாஷிங்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. உரிமையாளரோ அவருடைய ஆளோ தப்பியவரைப் பிடித்து, ஒரு நீதிபதியின் முன் நிறுத்தி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். நடைமுறையில் இது ஆள் கடத்தலுக்கும் வசதியாக இருந்தது. சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினத்தவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் போட்டன.

மத்திய சட்டமும் இந்த மாநிலச் சட்டங்களும் மோதிக்கொண்ட வழக்கு மார்கரெட் மார்கன் என்ற பெண்ணுடையது. மேரிலாந்தில் அவருடைய பெற்றோரை உரிமையாளர் ஏறக்குறைய விடுதலை பெற்றவர்களாகவே வாழவிட்டிருந்தார். மார்கரெட் ஒரு சுதந்திரக் கறுப்பினத்தவரை மணந்து பென்சில்வேனியாவுக்குக் குடிபோனார். 1837-இல் எட்வர்ட் பிரிக் என்பவரும் கூட்டாளிகளும் வந்து அவரையும் குழந்தைகளையும் மேரிலாந்துக்கு இழுத்துச் சென்றார்கள். அந்தக் குழந்தைகளில் பென்சில்வேனிய மண்ணில் பிறந்ததும் ஒன்று. பிரிக் மீது பென்சில்வேனியா ஆள் கடத்தல் வழக்குப் போட்டது, தண்டனையும் கிடைத்தது. 1842-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தப்பியவரை மீட்பது தொடர்பான அதிகாரம் மத்திய அரசுக்குரியது, மாநிலச் சட்டம் குறுக்கே நிற்க முடியாது என்று நீதிபதி ஜோசப் ஸ்டோரி எழுதினார். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கதவையும் திறந்து வைத்தார். மத்திய அரசின் இந்த வேலையைச் செய்யும்படி மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார். வடக்கு மாநிலங்கள் அந்தக் கதவு வழியே புகுந்தன. எங்கள் சிறையைத் தரமாட்டோம், எங்கள் நீதிபதிகள் இந்த மனுக்களைத் தொடமாட்டார்கள் என்று மாசசூசெட்ஸ் 1843-இலும் பென்சில்வேனியா 1847-இலும் சட்டம் இயற்றின. தெற்கு கொதித்தது. மாநிலங்கள் ஒத்துழைக்கவில்லையென்றால் மத்திய அரசே நேரடியாக இறங்கட்டும் என்று கேட்கத் தொடங்கியது. மாநில உரிமையின் காவலர்கள் என்று பெயரெடுத்தவர்கள் கேட்டது இதை என்பதைக் கவனியுங்கள்.

1850-இல் வாய்ப்பு வந்தது. மெக்சிகோவிடமிருந்து பறித்த நிலத்தை என்ன செய்வது, தங்கம் கண்டெடுக்கப்பட்ட கலிபோர்னியாவை எப்படிச் சேர்ப்பது என்று நாடாளுமன்றம் திணறிக்கொண்டிருந்தது. செனட்டர் ஹென்றி கிளே ஒரு சமரசத் தொகுப்பை முன்வைத்தார். கலிபோர்னியா அடிமை இல்லாத மாநிலம் ஆகும், தலைநகரில் அடிமை வியாபாரம் நிற்கும். பதிலுக்குத் தெற்கு கேட்டவற்றுள் முதன்மையானது கடுமையான மீட்புச் சட்டம். அதை எழுதியவர் வர்ஜீனியாவின் செனட்டர் ஜேம்ஸ் மேசன். வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜார்ஜ் மேசனின் பேரன் அவர். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே இப்படியொரு தூரம் விழுவது வரலாற்றில் அபூர்வமல்ல. சாகும் நிலையில் இருந்த தென் கரோலினாவின் செனட்டர் கால்ஹூன் எழுதிய உரையை மார்ச் 4 அன்று செனட்டில் அவருக்குப் பதிலாக வாசித்தவரும் இதே மேசன்தான். மூன்று நாள் கழித்து மாசசூசெட்ஸின் டேனியல் வெப்ஸ்டர் எழுந்து, ஒன்றியத்தைக் காப்பாற்ற இந்தச் சட்டத்தையும் ஏற்கலாம் என்றார். சொந்த ஊரில் அவர் பெயர் அதற்குப் பிறகு தேறவே இல்லை. கீழவையில் 109-க்கு 76 என்று மசோதா தேறியது. வாக்களிக்காமல் நழுவிய வடக்கு உறுப்பினர்கள் பலர். செப்டம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் மில்லார்ட் ஃபில்மோர் கையெழுத்திட்டார். அவர் நியூயார்க்காரர்.

சட்டத்தின் உள்ளே போவோம். இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் செலவிட நினைக்கிறேன். ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம், வாசித்தவர்கள் குறைவு.

விசாரணை நடத்துபவர் நீதிபதியாக இருக்க வேண்டியதில்லை. மத்திய நீதிமன்றம் நியமித்த ஆணையர் போதும். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, சட்டமே அதைத் தடை செய்கிறது. உரிமையாளர் தன் சொந்த மாநிலத்து நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு இல்லாமலேயே, இன்னார் எனக்குச் சொந்தம், இன்ன நாளில் ஓடிப்போனார் என்று பதிவு செய்து சான்று பெற்று வந்தால் அந்த இரண்டு விஷயங்களும் முடிந்துபோனவை. மறுத்துப் பேச இடமில்லை. இந்த ஆள்தானா அந்த ஆள் என்ற ஒரே கேள்விதான் மிச்சம். ஆணையர் கொடுக்கும் சான்றிதழை எந்த மாநில நீதிமன்றமும் அசைக்க முடியாது.

கட்டண விதியைக் கேளுங்கள். ஒப்படைக்கும்படி சான்றிதழ் கொடுத்தால் ஆணையருக்குப் பத்து டாலர். ஆதாரம் போதாது என்று விடுவித்தால் ஐந்து டாலர். சான்றிதழ் எழுதுவதில் கூடுதல் வேலை இருக்கிறது, அதனால்தான் வேறுபாடு என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனாலும் ஒரு மனிதனை அடிமைத்தனத்துக்கு அனுப்பினால் இரட்டைக் கூலி என்று படிக்கும்படி ஒரு விதியை எழுதிவிட்டு, அப்படிப் படிக்காதே என்று ஊரை மிரட்ட முடியாது. வடக்கின் மேடைகளில் பத்தாண்டு காலம் திரும்பத் திரும்ப ஒலித்தது இந்த ஐந்து டாலர் வித்தியாசம்தான்.

இதைவிடக் கனமான விதி இன்னொன்று. மத்திய அரசின் காவல் அதிகாரியான மார்ஷல் அழைத்தால் வழியில் போகிற எந்தக் குடிமகனும் ஆள்பிடிக்க உதவ வேண்டும். தடுத்தாலோ தப்பியவருக்கு இடம் கொடுத்தாலோ ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அதற்கு மேல் இழந்த ஒவ்வொரு ஆளுக்கும் உரிமையாளருக்கு ஆயிரம் டாலர் இழப்பீடு. கைப்பற்றிய ஆள் மார்ஷலின் காவலிலிருந்து தப்பினால் அவர் தலையில் முழு மதிப்பும் விழும். கூட்டம் கூடி மீட்டுவிடும் என்ற அச்சம் இருந்தால் தேவையான அளவு ஆட்களை வைத்துக் காவலுடன் கொண்டுபோகலாம், செலவு மத்திய கருவூலத்துடையது. உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் மத்திய அரசு ஒரு சாதாரண மனிதனின் வீட்டு வாசல் வரை வந்தது அநேகமாகத் தபால்காரரின் உருவில் மட்டும்தான். இப்போது கைவிலங்கோடு வந்தது. அதை வரவழைத்தது தெற்கு.

இத்தனையும் எத்தனை பேருக்காக? 1850 மக்கள்தொகைக் கணக்குப்படி அடிமைகள் ஏறத்தாழ 32 லட்சம் பேர். அந்தக் கணக்கில் அந்த ஆண்டு தப்பியவர்களாகப் பதிவானவர்கள் 1,011 பேர். கணக்கு குறைவாக இருக்கலாம், அதைப் பல மடங்காக்கினாலும் ஒரு பொருளாதாரமே கவிழும் இழப்பு அது இல்லை. அதிலும் இழந்தவை மேரிலாந்து, கென்டக்கி, வர்ஜீனியா போன்ற எல்லையோர மாநிலங்கள். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து வடக்கே நடந்தே தப்புவது எளிதான காரியமா? ஆனால் உரத்துக் கத்தியது ஆழ்தெற்குதான். 1850 டிசம்பரில் ஜார்ஜியாவில் கூடிய மாநாடு, இந்தச் சட்டம் நேர்மையாக நிறைவேற்றப்படுவதைப் பொறுத்தே ஒன்றியம் நிலைக்கும் என்று அறிவித்தது. தோட்ட முதலாளிகள் எதிர்பார்த்தது ஓடிப்போன ஆளை மட்டும் அல்ல. அடிமை முறை நாடு முழுவதும் செல்லுபடியாகும் சொத்துரிமை என்று வடக்கு தன் கையாலேயே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

சட்டம் வந்த சில நாட்களிலேயே நியூயார்க்கில் ஜேம்ஸ் ஹேம்லெட் என்பவர் பிடிபட்டு பால்டிமோருக்கு அனுப்பப்பட்டார். ஊரார் பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். வடக்கில் ஆண்டுக்கணக்காகக் குடும்பமும் தொழிலுமாக வாழ்ந்த கறுப்பினத்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கனடாவுக்குப் புறப்பட்டார்கள். அடிமைகளைத் தெற்கிலிருந்து தப்புவித்துவந்த ஹேரியட் டப்மன், தான் அழைத்துவந்தவர்களை அமெரிக்க எல்லையோடு நிறுத்தாமல் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் வரை கொண்டுசேர்க்க ஆரம்பித்தார்.

பாஸ்டன்தான் பெரிய களம். 1851 பிப்ரவரியில் ஷாட்ராக் மின்கின்ஸ் என்ற உணவகப் பணியாளரைக் கறுப்பினத்தவர் கூட்டம் ஒன்று நீதிமன்ற அறைக்குள் புகுந்து மீட்டுக்கொண்டுபோனது. அவர் மான்ட்ரியால் போய்ச்சேர்ந்தார். ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் பிடிபட்டபோது அரசு உஷாராகி, நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றிச் சங்கிலி கட்டியது. மாநிலத்தின் தலைமை நீதிபதி லெமுவல் ஷா தன் நீதிமன்றத்துக்குள் போக அந்தச் சங்கிலிக்கு அடியில் குனிய வேண்டியிருந்தது. சிம்ஸ் சவானாவுக்கு அனுப்பப்பட்டார்.

1854 மே 24 அன்று ஆன்டனி பர்ன்ஸ் பிடிபட்டார். வர்ஜீனியாவின் சார்லஸ் சட்டில் என்பவரிடமிருந்து தப்பி வந்து பாஸ்டனில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர், இருபது வயதுதான். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தைத் தாக்கி மீட்க முயன்றார்கள். முயற்சி தோற்றது, காவலர் ஒருவர் இறந்தார். விசாரணையில் பர்ன்ஸுக்காக வாதாடியவர்களில் ஒருவர் எழுத்தாளர் ரிச்சர்ட் ஹென்றி டேனா. பர்ன்ஸ் மார்ச் பிற்பகுதி வரை வர்ஜீனியாவில் இருந்ததாக எதிர்த்தரப்புச் சாட்சி சொன்னார். மார்ச் தொடக்கத்திலேயே அவரைப் பாஸ்டனில் பார்த்ததாக உள்ளூர்ச் சாட்சிகள் வரிசையாகச் சொன்னார்கள். சாதாரண வழக்காக இருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். ஆணையர் எட்வர்ட் லோரிங் எதைப் பிடித்துக்கொண்டார் தெரியுமா? கைதான இரவு சட்டிலைப் பார்த்ததும் பர்ன்ஸ் பேசிய சில வார்த்தைகளை. தனக்காகச் சாட்சி சொல்லச் சட்டம் அனுமதிக்காத மனிதனின் பேச்சு, அவனுக்கு எதிராக மட்டும் சாட்சியமானது.

ஜூன் 2 அன்று பர்ன்ஸைக் கப்பலுக்கு நடத்திச் சென்றார்கள். படைவீரர்கள், கடற்படையினர், மாநில மிலிஷியா, ஒரு பீரங்கி என்று அந்த ஒரு இளைஞனைச் சுற்றி ஒரு சேனை. தெருவின் இருபுறமும் ஐம்பதாயிரம் பேர் நின்றதாகச் சொல்வார்கள். கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. ஒரு சவப்பெட்டியையும் தெருவுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் பியர்ஸ் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தந்தி அடித்திருந்தார். வழக்கமாக அடிமை எதிர்ப்பாளர்களைக் கண்டால் முகம் சுளிக்கும் பாஸ்டனின் துணி ஆலை முதலாளிகள், தெற்கின் பருத்தியில் பணம் பார்த்தவர்கள், அன்றோடு மனம் மாறினார்கள். அதே வாரத்தில்தான் புதிய பிரதேசங்களில் அடிமை முறைக்கு வழி திறந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டமும் கையெழுத்தாகியிருந்தது. மாசசூசெட்ஸிலிருந்து அதற்குப் பிறகு எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. லோரிங் பின்னாளில் மாநில நீதிபதிப் பதவியை இழந்தார், மத்திய அரசு அவருக்கு வாஷிங்டனில் வேறு பதவி கொடுத்தது. பர்ன்ஸை மறு ஆண்டே 1,300 டாலருக்கு விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். அவர் படித்துப் போதகராகி, கனடாவில் 1862-இல் இறந்தார்.

1854 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமில் நடந்த கூட்டத்தில் அடிமை எதிர்ப்பு இயக்கத் தலைவர் காரிசன் அரசியலமைப்பின் பிரதியைக் கொளுத்தினார். அதே மேடையில் தோரோவும் பேசினார். காந்தி வழியாக நமக்கு அறிமுகமான தோரோவின் கட்டுரை 1849-இல் வெளியானது, இந்தச் சட்டத்துக்கு முந்தியது. பர்ன்ஸ் விவகாரத்துக்குப் பிறகு அவர் பேசியது அதைவிடச் சூடானது. நம் மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானாவில் 1851 செப்டம்பரில் நடந்தது வேறு மாதிரி. எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்துக்காரர் மார்ஷலோடு தன் ஆட்களைப் பிடிக்க வந்தார். தானே ஒரு காலத்தில் தப்பிவந்தவரான வில்லியம் பார்க்கரின் வீட்டில் அவர்கள் இருந்தார்கள். கறுப்பினத்தவர்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். கோர்சச் செத்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார், வழியில் கப்பலேற்றிவிட்டவர் கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அரசு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. முதலில் நிறுத்தப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற ஆலைக்காரர், வெள்ளையர். அவர் செய்த குற்றம், மார்ஷல் உதவிக்கு அழைத்தபோது மறுத்தது. சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மாடியில் விசாரணை நடந்தது. ஜூரி கால் மணி நேரத்தில் அவரை விடுவித்தது.

விஸ்கான்சினுக்கு வருகிறேன். என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1854 மார்ச்சில் ஜோஷுவா குளோவர் என்பவரை மில்வாக்கி சிறையை உடைத்து மக்கள் மீட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் மீது வழக்கு. மாநில உச்ச நீதிமன்றம் பூத்தை விடுவித்ததோடு, மத்திய சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி டானி, அடிமை மாநிலமான மேரிலாந்தைச் சேர்ந்தவர், மாநிலத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று மத்திய மேலாண்மையை ஓங்கி நிறுவினார். விஸ்கான்சின் சட்டமன்றம் 1798-இன் கென்டக்கித் தீர்மானங்களின் மொழியை எடுத்து அந்தத் தீர்ப்பு செல்லாது என்று பதிலடி கொடுத்தது. ஜெபர்சன் எழுதிய அந்தத் தீர்மானங்கள்தாம் தெற்கின் மாநில உரிமைக் கோட்பாட்டுக்கு வேதம். இப்போது வேதம் வடக்கின் வாயில், மத்திய அதிகாரத்தின் புகழ் தெற்கின் வாயில்.

ஒஹையோவில் இதே முரண் ஒரு தாயின் மேல் இறங்கியது. 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் குடும்பத்தோடு உறைந்த ஒஹையோ நதியைக் கடந்து சின்சினாட்டிக்கு வந்தார். ஆள்பிடிப்போர் வீட்டைச் சூழ்ந்தபோது தன் சின்ன மகளைத் தன் கையாலேயே கொன்றார். ஒஹையோ மாநிலம் அவரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்கக் கேட்டது. மாநில எல்லைக்குள் நடந்த கொலையை விசாரிப்பதைவிட அடிப்படையான மாநில உரிமை எது? தப்பியோடிய அடிமைகள் சட்டம்தான் மேலோங்கும் என்று முடிவாயிற்று. அவரைக் கென்டக்கிக்கு அனுப்பி, பிறகு தெற்கே இன்னும் ஆழமாக விற்றார்கள். இரண்டு ஆண்டில் இறந்தார். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலுக்கு வித்து இந்தச் சம்பவம். ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாமின் குடிசை’யும் இந்தச் சட்டத்தின் மேல் வந்த கோபத்தில் எழுதப்பட்டதுதான். 1852-இல் நூலாக வந்து ஓராண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் படிகள் விற்றது. தெற்கின் மாநிலங்கள் கேட்டு வாங்கிய சட்டம் இல்லாவிட்டால் அந்த நாவல் இல்லை.

சட்டத்தின்படி பத்தாண்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சில நூறு பேர் மட்டுமே. பெரும்பாலான வழக்குகளில், குறிப்பாக ஒஹையோ, பென்சில்வேனியா போன்ற இடங்களில், சத்தமில்லாமல் அனுப்பிவைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கு முழுக்க நல்லவர்கள் நிறைந்த பூமி அல்ல. ஆனால் பாஸ்டனும் மில்வாக்கியும் தெற்கின் பத்திரிகைகளில் நம்பிக்கைத் துரோகமாகவே பதிந்தன.

1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. நான்கு நாள் கழித்துப் பிரிவுக்கான காரணங்களை அறிவித்தது. அதில் மைய இடம் பிடித்திருப்பது வடக்கு மாநிலங்கள் தப்பியவர்களைத் திருப்பித் தரவில்லை என்ற புகார். மெய்னிலிருந்து அயோவா வரை பதின்மூன்று மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறது. அவை போட்ட தனிச் சட்டங்கள் மத்திய சட்டத்தை மதிக்கவில்லை என்கிறது. அடிமைகளோடு தன் வழியாகப் பயணம் செய்யும் உரிமையைக்கூட நியூயார்க் மறுத்துவிட்டது என்று குறைப்படுகிறது. அதாவது பிற மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் தென் கரோலினாவின் புகார். பிரிந்தவர்கள் தங்களுக்கு எழுதிக்கொண்ட அரசியலமைப்பிலும், அடிமைகளோடு எந்த மாநிலத்துக்கும் போய்த் தங்கும் உரிமையை உறுதி செய்து, தங்கள் உறுப்பு மாநிலங்களுக்கே அதில் விருப்பத் தேர்வு இல்லாமல் செய்தார்கள். சட்டத்தை எழுதிய மேசன் அந்தப் புதிய கூட்டமைப்பின் தூதராக லண்டனுக்குப் போனார்.

லிங்கன் 1861 மார்ச்சில் பதவியேற்றபோதுகூட இந்த விதியை நிறைவேற்றுவதாக உறுதி சொன்னார். மே மாதம் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். பிரிவினைப் படையின் அதிகாரி ஒருவர் வெள்ளைக்கொடியோடு வந்து, 1850 சட்டத்தின்படி ஒப்படையுங்கள் என்று கேட்டார். வேறு நாடாகிவிட்டோம் என்கிறீர்கள், பிறகு எங்கள் சட்டத்தை எப்படிக் கேட்கிறீர்கள் என்று சொல்லி ஒன்றியப் படைத் தளபதி பட்லர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வழக்கறிஞராக இருந்தவர் அவர். இருந்தும் சட்டம் உடனே சாகவில்லை. ஒன்றியத்தில் தங்கிய மேரிலாந்து, கென்டக்கி போன்ற அடிமை மாநிலங்களுக்காக அது ஏட்டில் இருந்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 1864 ஜூன் 28 அன்றுதான் நீக்கப்பட்டது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். 1850 சட்டத்தின் வாசகத்தையும், தென் கரோலினாவின் 1860 டிசம்பர் 24 அறிவிப்பையும் தேடி எடுத்து நீங்களே வாசியுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மாலை நேரத்துக்கு மேல் ஆகாது. யாருடைய விளக்கத்தையும், இன்று நான் சொன்னதையும் சேர்த்து, அந்த இரண்டு ஏடுகளுக்குப் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.